வரதராஜன் சாரின் மாடு

ஸ்ரீரங்கம் வரதராஜன் சார் பொய் சொல்கிறார். மாடு குறுக்கே வரவில்லை.

இந்த விஷயத்தை மூன்று வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தேன். எனக்கு அது சாதாரண வேலையில்லை. என் வாயைப் பற்றி இத்தனை வாரமாகத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். கொடுத்த வாக்குக்காக மூடி வைத்தேன். சென்ற வாரம் அவரே அதைத் திறந்துவிட்டார். இனி நான் பொறுப்பில்லை.

நடந்தது இதுதான். சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். 'அடிபட்ட வண்டிகளில் நான் நிமிர்த்தியதிலேயே நேரான வேலை, ஒரு ஸ்ரீரங்கத்து வெள்ளிக்கலர் கார்' என்று. பெயர் போடவில்லை, தெரு போடவில்லை. சென்ற வாரக் கடிதப் பகுதியில் சாரின் கடிதம் வந்துவிட்டது: 'அந்தக் கார் என்னுடையது. அது இன்றும் இடது பக்கம் இழுக்கிறது. வாசகர்கள் உண்மையை அறியட்டும்.'

அறியட்டும். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

கடிதம் வந்த மறுநாளே, முன்பக்கம் நொறுங்கிய வண்டியை என்னிடம் விட்டிருந்த ஒருவர் கயிறோடு வந்து நின்றார். "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, சேசிஸ் வேலைய வேற எடத்துல பாத்துக்கறேன்" என்றார். கட்டி இழுத்துக்கொண்டு போனார். எதிர் டீக்கடைக்காரர் என் பெயர்ப்பலகையைக் காட்டி, "எப்பக்கா கழட்டுறீங்க? ஏணி வேணும்னா சொல்லுங்க" என்று கேட்டார். பலகையை அவர் ஏன் கேட்கிறார் என்பது பின்னால் வரும்.

கண்ணீர் அஞ்சலி

காட்டூரில் தஞ்சாவூர் ரோட்டை ஒட்டி என் டிங்கரிங் பட்டறை. பொம்பளை எப்படி டிங்கர் ஆனாள் என்று கேட்டு இனியும் யாரும் கடிதம் எழுத வேண்டாம். சுத்தியலைத் தூக்கினேன், ஆனேன். அவ்வளவுதான்.

அன்று காலை பத்து மணி இருக்கும். ஒரு வெள்ளிக்கலர் காரை இழுவை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். முன்பக்கம் இடது மூலை, வெற்றிலையை மடித்த மாதிரி மடிந்திருந்தது. இடது ஹெட்லைட் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. பானெட் எழுந்து நின்று வானத்தைப் பார்த்தது.

பின்னாலேயே ஆட்டோவில் சாரும் மாமியும் வந்தார்கள். சார் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருமண், சட்டைப் பையில் இரண்டு பேனா. மாமி ரங்கநாயகி, கையில் ஒரு ஒயர்கூடையோடு இறங்கினார். இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"என்ன சார் ஆச்சு?"

"மாடும்மா. திடீர்னு குறுக்க வந்துடுத்து."

"என்ன மாடு?"

"என்ன மாடுன்னா? மாடு. நாலு கால் இருக்குமே, அது."

"கலரு?"

"நீ டிங்கரிங் பண்றியா, இல்ல போலீஸா?"

நான் மாமியைப் பார்த்தேன். மாமி என் பட்டறைக் கூரையைப் பார்த்தார். தகரக் கூரையில் பார்க்க அப்படி ஒன்றும் இல்லை.

மாட்டின் மேல் மோதிய கார்களை எண்ண முடியாத அளவு பார்த்திருக்கிறேன். மாடு மோதினால் பானெட் அகலமாக, தொட்டி மாதிரி குழியும். கிரில்லில் முடி சிக்கியிருக்கும். பயத்தில் அது போட்ட சாணியும் இருக்கும். கழுவினாலும் மூன்று நாளைக்கு வாசம் போகாது.

இந்த வண்டியில் முடியில்லை, சாணியில்லை. இருந்தது ஒரே ஒரு பள்ளம். பம்பரிலிருந்து பானெட் வரைக்கும் நெட்டாக, உள்ளே ஒரு தென்னை மரத்தை வைத்து அழுத்திய மாதிரி. அந்த மடிப்புக்குள் ஒரு காகிதத் துண்டு பசையோடு ஒட்டியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். கறுப்பு மையில் பெரிய எழுத்து: 'ணீர் அஞ்ச'.

கம்பங்களில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

நான் பெயிண்டர் ரபீக் பாயிடம் நீட்டினேன். பாய் என்னோடு பத்து வருஷமாக வேலை செய்கிறவர், அதிகம் பேச மாட்டார். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாடு மௌத்தா போனதுக்கு அதுவே போஸ்டர் ஒட்டிக்கிட்டு வந்துச்சாக்கா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சார் காதில் விழுந்திருக்கும். "எத்தனை நாள் ஆகும், அதைச் சொல்லு" என்று குரலை உயர்த்தினார்.

சரி, கம்பமோ மாடோ, எனக்கென்ன. ஒடுக்கு ஒடுக்குதான். அந்தத் துண்டை மட்டும் எடுத்து என் டப்பாவில் போட்டு வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது தெரியாது. திமிர்தான், வேறென்ன.

வெளியே இருப்பது வெறும் சட்டை

காரின் வெளித்தகடு வெறும் சட்டை. கிழிந்தால் மாற்றலாம், தைக்கலாம். உள்ளேதான் எலும்பு இருக்கிறது, சேசிஸ் என்பது அதைத்தான். பானெட்டுக்குக் கீழே இரண்டு நீளமான இரும்புக் கைகள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். என்ஜினையும் முன்சக்கரங்களையும் தாங்குகிறவை அவைதான். சாருடைய காரில் இடது கை உள்ளே மடங்கி, நாலு விரல் அகலம் பின்னால் போயிருந்தது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அயோக்கியத்தனம் செய்கிறார்கள். கையை அப்படியே விட்டுவிட்டு, மேலே புது மட்கார்டை மாட்டி, இடுக்கில் கிலோக் கணக்கில் பட்டியைப் பூசி, உப்புத்தாளில் தேய்த்துப் பளபளவென்று கொடுத்துவிடுவார்கள். வாசலில் நிற்கும்போது வண்டி மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஓட்டினால் நண்டு மாதிரி போகும். அப்படி முகத்துக்குப் பவுடர் போட்டு எலும்பை மறைக்கிற ஆட்களை எனக்குப் பார்த்தாலே ஆகாது. பெயர் போட்டு எழுதலாம் என்றால் ஆசிரியர் வேண்டாம் என்கிறார்.

நான் இழுப்பேன். பட்டறைத் தரையில் கான்கிரீட்டுக்குள் ஒரு தண்டவாளத் துண்டை ஆள் உயரம் புதைத்து வைத்திருக்கிறேன். வண்டியைப் பின்பக்கம் கட்டிவிட்டு, மடங்கிய கைக்குச் சங்கிலி போட்டு, தண்டவாளத்திலிருந்து ஜாக்கியால் இழுக்க வேண்டும். ஒரு முறுக்கு, ஒரு நிறுத்தம். இரும்பு முனகும். 'கிர்ர்ர்' என்று ஆரம்பித்து, திடீரென்று 'டொங்' என்று ஒரு சத்தம் வரும். அந்த 'டொங்' வரும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் சந்தோஷம் ஓடும். கோபக்காரிக்கும் ஒரு சந்தோஷம் வேண்டும் இல்லையா?

தண்டவாளத்தை ஏன் அவ்வளவு ஆழம் புதைத்தேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. பச்சைமலை அடிவாரத்துக் கதை.

சாய்ந்தது வண்டியல்ல

நான் பிறந்தது உப்பிலியபுரத்தில். அப்பாவுக்கு டிராக்டர் டிரெய்லர் வெல்டிங் பண்ணுகிற கடை. நான் முதலில் வெல்டிங் ராடு பிடித்ததும் அங்கேதான். கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் என்று நினைக்கிறேன். பச்சைமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த பிக்கப் வேன் ஒன்று, கடைசி வளைவில் பாறையில் முட்டி மூக்கு கோணிப் போய் வந்தது. மலைக்குப் பஸ் குறைவு. அந்த வேன்தான் பஸ், அதுதான் ஆம்புலன்ஸ், அதுதான் கல்யாண வண்டி. ஊர்க்காரர்கள் இருபது பேர் வேனோடு இறங்கி வந்து, "ரெடி ஆகற வரைக்கும் போக மாட்டோம்" என்று கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்பா ஊரில் இல்லை. நான்தான் தைரியமாக இறங்கினேன். வேனின் பின்பக்கத்தை எதிரே இருந்த ஒரு புளியமரத்தில் கட்டினேன். கோணிய மூக்குக்குச் சங்கிலி போட்டு டிராக்டரில் மாட்டினேன். "இழுங்க!" என்றேன். டிராக்டர் உறுமியது. "வருது, வருது!" என்று இருபது பேரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். ஏதோ வருகிறது என்று கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

வந்தது மரம்.

வேன் இருந்தபடியே கோணலாக இருக்க, புளியமரம் வேரோடு ஒரு முழம் சாய்ந்து நின்றது. மரத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "ஏம்மா, வண்டிய நிமித்தச் சொன்னா என் மரத்தயா வளைப்ப? இப்ப இத நிமித்து!" மலைக்காரர்களில் ஒருவர் அமைதியாக, "கவலப்படாதீங்க அண்ணே, இந்தப் பக்கம் வண்டியக் கட்டி அந்தப் பக்கம் இழுத்தா மரம் நிமிந்துரும்" என்றார். அன்று அங்கே சிரிக்காதவர் மரத்துக்காரர் ஒருவர்தான். அப்புறம் அவரும் சிரித்தார்.

பிறகு ஒரு பாறையில் கட்டி இழுத்தோம். நேராக வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள், சங்கிலியைக் கழற்றினேன். 'டிக்' என்று பழையபடி ஒரு விரல் உள்ளே போய்விட்டது. நேராகும் வரை இழுத்தால் போதாது, நேருக்கும் கொஞ்சம் அந்தப் பக்கம் இழுத்துவிட்டால்தான் திரும்பி வந்து நேரில் நிற்கும். அதுவும் அன்று தெரிந்ததுதான். எதைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறோமோ அது அசையக் கூடாது என்பதும்.

சாரின் வண்டிக்கு வருகிறேன்.

காந்தமும் கைக்குட்டையும்

மூன்று நாள் இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு நூல் பிடித்தேன். வலது முன்மூலையிலிருந்து இடது பின்மூலைக்கு ஒரு நூல், இடது முன்மூலையிலிருந்து வலது பின்மூலைக்கு ஒரு நூல். இரண்டும் ஒரே நீளம் வந்தால் எலும்பு நேர். மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டும் ஒன்றாக வந்தன. தகட்டை ஒடுக்கு எடுத்தேன். கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரு தீக்குச்சி கனம், எங்கும் கூடவில்லை, எங்கும் குறையவில்லை. ரபீக் பாய் வெள்ளியில் ஒரு சொட்டு நீலம் கலந்து அடித்தார். எது பழைய தகடு, எது புதுத் தகடு என்று எங்களுக்கே தெரியவில்லை.

சார் வண்டி எடுக்க வந்தார். பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பெயிண்டில் கீறல் விழாமல் அதைக் கைக்குட்டையில் சுற்றினார். காரின் ஒவ்வொரு அங்குலத்திலும் வைத்து வைத்து எடுத்தார். பட்டி தடிமனாகப் பூசியிருந்தால் காந்தம் ஒட்டாது.

டாக்டர் மாதிரி நெஞ்சு, முதுகு, விலா என்று வைத்தார். எல்லா இடத்திலும் ஒட்டியது.

"மூச்ச இழுத்து விடச் சொல்லவா சார்?" என்று கேட்டேன்.

மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"நன்னாத்தான் பண்ணியிருக்கே" என்றார் சார். நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் போன்.

"வண்டி இடது பக்கம் இழுக்கறதும்மா."

வரச் சொன்னேன். தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். ஆளில்லாத நேர்ரோட்டில் ஸ்டியரிங்கைத் தொடாமலும் பார்த்தேன். அம்பு மாதிரி போனது. டயர் காற்று சரி. சக்கரக் கோணம் பார்க்கும் மெஷினிலும் ஏற்றி இறக்கினேன், சரி. கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் மறுபடி. "இழுக்கறதும்மா." மறுபடி ஓட்டினேன், மறுபடி அம்பு.

மூன்றாவது தடவை அவர் வந்தபோது பட்டறையில் மற்ற வண்டிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கிற மாதிரி, "சேசிஸ் நேராகலைன்னு ஒத்துண்டா என்ன கொறஞ்சுடும்?" என்றார்.

எனக்குத் தலைக்கு ஏறியது. நூலை எடுத்து ஒரு முனையை அவர் கையிலேயே கொடுத்தேன். "நீங்களே பிடிங்க. நீங்களே அளங்க. ரெண்டு மூலைக்கும் ஒரு தீக்குச்சி கனம் வித்தியாசம் வந்துச்சுன்னா, அந்தா தொங்குது பாருங்க பலகை, அதக் கழட்டி உங்க வீட்டுக்கே அனுப்பறேன். துணி துவைக்க வச்சுக்கங்க."

பலகைக் கதை இதுதான். தெருவே கேட்டது. டீக்கடைக்காரரும் கேட்டார்.

சார் நூலை நம்பவில்லை. சொந்த டேப் கொண்டுவந்திருந்தார். அளந்தார். குறித்தார். மறுபடி அளந்தார். இரண்டு எண்ணும் ஒன்று. கொஞ்ச நேரம் தன் கையெழுத்தையே முறைத்துப் பார்த்துவிட்டு, "ஆனா இழுக்கறதே!" என்றார்.

"எங்க இழுக்குது?"

"எங்க பக்கம்."

"எங்க பக்கம்னா?"

"பாலம் தாண்டி."

என் ஆயுளில் பாலம் தாண்டினால் மட்டும் கோணுகிற சேசிஸை நான் பார்த்ததில்லை. "ஏறுங்க, நானும் வரேன்" என்றேன். ரபீக் பாய் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு, "நானும் வரேங்க்கா. இத விட்டா மறுபடி கெடைக்காது" என்று ஏறிக்கொண்டார்.

பாலம் தாண்டி

சார் ஓட்டினார். நான் பக்கத்தில். பின்னால் மாமியும் பாயும், நடுவில் ஒயர்கூடை.

நான் அவர் கையைப் பார்க்கவில்லை. ரோட்டையும் காரின் மூக்கையும்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். நேராகப் போனது. கடைவீதி நெரிசலில் நேர். மலைக்கோட்டை தெரிந்தது. உச்சிப் பிள்ளையாரை நினைத்து நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சார் ரோட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"எங்காத்துல பெருமாள் மட்டுந்தான்" என்றார் மாமி பின்னாலிருந்து, என் சந்தேகத்தைப் புரிந்துகொண்டு.

"இழுக்குதா சார்?"

"இங்க இல்ல."

காவிரிப் பாலம் வந்தது. ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடியது. காற்று ஜன்னல் வழியாக வந்து மாமியின் பூவை ரபீக் பாய் தாடியில் ஒட்டியது.

"இப்ப?"

"இங்கயும் இல்ல. வரும், வரும், பொறு."

பாலம் இறங்கினோம். ரோடு திரும்பியது. எதிரே ராஜகோபுரம், முழுசாக, காலை வெயிலில் நின்றது. நானும் அண்ணாந்து பார்த்தேன். அப்படி ஒரு உயரம்.

"ரங்கா!" என்றார் சார்.

இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். தலைக்கு மேலே தூக்கிக் கூப்பினார். கண்ணையும் மூடிக்கொண்டார். ஸ்டியரிங் ஆடாமல் இருக்க வலது முழங்காலைத் தூக்கி, ஸ்டியரிங் வளையத்தின் வலது பக்க அடியில் முட்டுக் கொடுத்தார். வலது பக்கம் மேலே தள்ளினால் ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பும்?

கார் இடது பக்கம் இழுத்தது. ஆகா, என்ன அழகாக இழுத்தது! நேரே ஒரு இளநீர்க் குவியலைப் பார்த்து.

"ஏன்னா!" என்று மாமி கத்தினார். "யா அல்லா!" என்றார் பாய். நான் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தேன். சார் கண்ணைத் திறந்து பிரேக்கை மிதித்தார். கார் இளநீர்க் குவியலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. குவியலுக்குப் பின்னால் இளநீர்க்காரர், அரிவாள் ஓங்கிய கையோடு, சீவாத இளநீரோடு, சிலை மாதிரி நின்றார்.

முதலில் பேசியது அவர்தான்.

"சார். போன தடவ கம்பம். இந்தத் தடவ நானா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவருக்குப் பத்தடி தள்ளி ஒரு விளக்குக் கம்பம் சாய்ந்து நின்றது, அந்தப் புளியமரம் மாதிரியே. அதில் ஒரு போஸ்டர், நடுவில் கிழிந்து. ஒரு பக்கம் 'கண்' என்று இருந்தது. இன்னொரு பக்கம் 'லி' என்று இருந்தது. நடு எழுத்துகள் காட்டூரில் என் டப்பாவில் இருந்தன.

"இங்க மாடு ஏதும் வருமாங்க?" என்று இளநீர்க்காரரிடம் கேட்டேன்.

"மாடா? இந்த ரோட்லயா? சார் வர்ற நேரத்துல மனுஷனே ஒதுங்கிருவான், மாடு எங்கருந்து வரும்?"

மாமிதான் ஆரம்பித்தார். முதலில் ஒரு சின்னச் சத்தம். அப்புறம் முந்தானையை வாயில் வைத்தார், நிற்கவில்லை. அப்புறம் விட்டுவிட்டார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, விக்கல் எடுத்து, விக்கலுக்கு நடுவே "மாடு... ஏன்னா... நாலு கால்..." என்றார். ரபீக் பாய் கதவைத் திறந்து இறங்கி ரோட்டோரத்தில் உட்கார்ந்தே விட்டார், தாடியில் மல்லிகைப் பூவோடு. பத்து வருஷத்தில் அந்த மனுஷன் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு வயிறு வலித்தது. என் வண்டி நேர்! என் எலும்பு நேர்! காட்டூர் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவும் செய்தேன்.

இளநீர்க்காரர் எல்லோருக்கும் ஆளுக்கொன்று வெட்டினார். உயிர் பிழைத்த சந்தோஷம் அவருக்கு.

வெளிவிசை

சார் மட்டும் சிரிக்கவில்லை. இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்.

"இதோ பாரும்மா. வெளியிலேர்ந்து ஒரு விசை தள்ளாத வரைக்கும், நேராப் போற பொருள் நேராத்தான் போகணும். இது விதி. கையை எடுத்தா வண்டி நேராப் போகணும். போகலைன்னா சேசிஸ்ல கோளாறு."

"வெளிவிசை உங்க முழங்கால் சார்."

சார் இளநீரைக் கீழே வைத்தார்.

"முழங்கால் சும்மா பிடிச்சுண்டு இருக்கு. தள்ளலை."

"சும்மா பிடிச்சதுக்குத்தான் கம்பம் சாஞ்சு நிக்குது."

மாமி விக்கலை அடக்கிக்கொண்டு குறுக்கே வந்தார். "ஏன்னா, வண்டிய ஓரமா நிறுத்திட்டு ரெண்டு நிமிஷம் சேவிச்சா என்ன? பெருமாள் எழுந்துண்டு எங்கயாவது போயிடப் போறாரா? சயனத்துலதானே இருக்கார்!"

சார் கீழே வைத்த இளநீரை மறுபடி எடுத்துக் குடித்து முடித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"வெளியில சொல்லிடாதேம்மா. மெட்ராஸ்ல பையன் இருக்கான். மாடுன்னு சொல்லி வச்சிருக்கேன். இது தெரிஞ்சா சாவியப் பிடுங்கிடுவான்."

அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டு நிபந்தனை போட்டேன். ஒன்று, கோபுரம் தெரிந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சேவிக்க வேண்டும். இரண்டு, என் பட்டறைக்கு வந்து, பலகைக்குக் கீழே நின்று, அன்று கேட்டவர்கள் காதில் விழுகிற மாதிரி, 'சேசிஸ் நேராத்தான் இருக்கு' என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும்.

"வந்து சொல்றேன்" என்றார்.

வரவில்லை. மூன்று வருஷம். நானும் போகட்டும் என்று விட்டேன். ஊர் மறந்திருந்தது. இப்போது கடிதம் எழுதி நினைவுபடுத்தியிருக்கிறார். 'இன்றும் இழுக்கிறது' என்றால் என்ன அர்த்தம்? இன்றும் நிறுத்துவதில்லை என்று அர்த்தம். இன்றும் முழங்கால் அங்கேதான் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இளநீர்க்காரர் இன்றும் அங்கேதான் கடை போடுகிறார் சார். அவரையாவது நினைத்துப் பாருங்கள்.

உங்கள் பையன் இதைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். என் பட்டறை வாசலிலிருந்து ஒரு வண்டி கயிறு கட்டிப் போனபோது நீங்கள் என்னை நினைத்தீர்களா?

ஆகவே கேட்கிறேன். போனில் வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு இளநீர் வாங்கிக் கொடுத்துச் சொல்லவும் வேண்டாம். எந்தக் கடிதப் பகுதியில் என் வேலையைக் கோணல் என்று எழுதினீர்களோ அதே கடிதப் பகுதியில், உங்கள் பெயரைப் போட்டு, கீழே ரங்கநாயகி மாமியின் சாட்சிக் கையெழுத்தோடு பதில் எழுதுங்கள். பலகை அதுவரைக்கும் அங்கேதான் தொங்கும்.

ராஜகோபுரத்தைப் பார்த்த அந்த நேரத்தில் உங்கள் இரண்டு கையும் எங்கே இருந்தன? வலது முழங்கால் எங்கே இருந்தது?

மறுபடியும் மாடு என்றுதான் எழுதுவீர்கள் என்றால், இந்தத் தடவை கலரையும் எழுதுங்கள்.